கேமிங் சிஸ்டத்தில் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு மாற்றுவது: மதுரை வட்டாரத்துக்கான கேள்வி பதில்கள்

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் கேட்கப்படும் கேள்விகள் பெரும்பாலும் "எந்த கார்டு வாங்கலாம்?" என்றுதான் தொடங்கும். அது கடைசியில் வரவேண்டிய கேள்வி. மானிட்டர் எது, விளையாடும் கேம் எது, இப்போது வேகத்தைத் தடுப்பது எது, போர்டு (மதர்போர்டு) எந்த பிராசசரை ஏற்கும், எஸ்.எம்.பி.எஸ். (சிஸ்டத்துக்குள் மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) எவ்வளவு தாங்கும், வீட்டுக் கரண்ட் எப்படி? இந்த வரிசையில் பார்த்து வந்தால் கார்டின் பெயர் தானாக வந்து நிற்கும். விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால் ரூபாய்க் கணக்கு இங்கே தரவில்லை.

மாற்ற வேண்டியது பிராசசரா, கார்டா? எப்படிக் கண்டுபிடிப்பது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளைப் போடுங்கள். கூடவே எண்களைத் திரையில் காட்டும் ரிவாட்யூனரும் வரும். உங்கள் கார்டு எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் வேலை செய்யும். கார்டின் பயன்பாடு, கார்டின் மெமரி, வெப்பம், பிராசசரின் ஒவ்வொரு த்ரெட்டும் (வேலை ஓடும் தனித்தனி வரிசை), அதன் மெகாஹெர்ட்ஸ், ரேம், எஃப்.பி.எஸ். (நொடிக்கு எத்தனை படம்) எல்லாம் திரையில் தெரியும்படி டிக் செய்யுங்கள். வி-சிங்க் (எஃப்.பி.எஸ்.ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டும் அமைப்பு), எஃப்.பி.எஸ். வரம்பு இரண்டையும் அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக ஆடும் கேமில் சண்டையும் புகையும் நிறைந்த இடத்தில் 15 நிமிடம் ஆடுங்கள். மெனுவில் நின்றுகொண்டு பார்த்த எண் எதற்கும் உதவாது.

கார்டு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டுதான் எல்லை. கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா இருக்க, எஃப்.பி.எஸ். மட்டும் ஏறாமல் நின்றால் பிராசசரோ ரேமோ பின்தங்குகிறது. உறுதி செய்ய, ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கிப் பாருங்கள். எஃப்.பி.எஸ். நன்றாக ஏறினால் கார்டு. ஏறவே இல்லை என்றால் பிராசசர்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. டாஸ்க் மேனேஜர் பிராசசர் பயன்பாடு 45 சதவீதம் என்று காட்டும், "பிராசசரில் இன்னும் பாதி மிச்சம் இருக்கிறதே" என்று நினைத்துவிடுவார்கள். கேமின் முக்கிய வேலை ஒன்றிரண்டு த்ரெட்டில்தான் ஓடும். அந்த ஒரு த்ரெட் 100-ஐத் தொட்டாலே மற்றவை காத்திருக்க வேண்டியதுதான். அதனால் மொத்த சதவீதத்தை விட்டுவிட்டு த்ரெட் வாரியாகப் பாருங்கள்.

இன்னொன்றும் பாருங்கள்: ஆடத் தொடங்கும்போது 4.2 கிகாஹெர்ட்ஸ் காட்டிய பிராசசர் பத்து நிமிடத்தில் 3-க்குக் கீழே இறங்கினால், அது சூட்டுப் பிரச்சினை. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கூலரைத் துடைத்துப் புது பேஸ்ட் (பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தும் பசை) போட்டாலே சரியாகலாம்.

எஃப்.பி.எஸ். 80 காட்டுகிறது. ஆனாலும் வெட்டி வெட்டி ஓடுகிறது. ஏன்?

முதலில் ரேமைப் பாருங்கள். ஒரே ஒரு 8 ஜி.பி. குச்சி போட்டு விற்ற அசெம்பிள் சிஸ்டங்கள் நம் பக்கம் ஏராளம். இன்னொரு 8 ஜி.பி. சேர்த்தால் கொள்ளளவு மட்டுமல்ல, டூயல் சேனலாக மாறி ரேமுக்கும் பிராசசருக்கும் நடுவே உள்ள பாதையே இரட்டிப்பாகும். ரைசன் சிஸ்டங்களிலும், தனி கார்டு இல்லாமல் பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸை நம்பி ஓடுபவற்றிலும் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நான்கு ஸ்லாட் போர்டில் பிராசசரிலிருந்து எண்ணி 2-வது, 4-வது ஸ்லாட்டில் போட வேண்டும். அடுத்தடுத்துப் போட்டால் பல போர்டுகளில் சிங்கிள் சேனலாகவே இருந்துவிடும்.

3200 என்று எழுதிய ரேம் வாங்கினாலும், பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி அல்லது டிஓசிபி என்ற ரேம் வேக அமைப்பை இயக்காவிட்டால் அது 2400-லோ 2666-லோதான் ஓடும். டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் வேகம் தெரியும். வாங்கிய நாளிலிருந்து இதை யாருமே இயக்காத சிஸ்டங்கள் நிறைய இருக்கின்றன. செலவில்லாமல் கிடைக்கும் வேகம் இது.

கேம் இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டி-க்கு மாற்றுங்கள். கார்டின் மெமரி 4 ஜி.பி.யும் நிரம்பி வழிந்தாலும் இதே வெட்டு வரும். அப்போது டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்கினால் வெட்டு நின்றுவிடும். நின்றால் காரணம் அதுதான்.

எச்61 போர்டு, இன்டெல் மூன்றாம் தலைமுறை ஐ5. நல்ல கார்டு போட்டால் போதுமா?

போதாது. அந்த எல்ஜிஏ 1155 சாக்கெட் (போர்டில் பிராசசர் உட்காரும் இடம்) மூன்றாம் தலைமுறையோடு முடிந்துவிட்டது, அதற்கு மேல் எந்த பிராசசரும் ஏறாது. அந்த ஐ5-இல் ஏவிஎக்ஸ்2 கட்டளைத் தொகுப்பு இல்லை. அதைக் கட்டாயமாகக் கேட்கும் புதிய கேம்கள் அதில் திறக்கவே செய்யாது. விண்டோஸ் 11-இன் ஏற்புப் பட்டியலிலும் அது கிடையாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது.

கையில் பணம் இல்லை, இன்னும் ஒரு வருடம் ஓட்ட வேண்டும் என்றால், ஸ்லாட்டின் 75 வாட்டிலேயே ஓடும் ஜிடிஎக்ஸ் 1650 போன்ற பழைய கார்டு ஒன்றை நல்ல நிலையில் பார்த்து வாங்கிப் போடுங்கள். ஜிடிஏ 5, வேலரன்ட் அளவுக்குத் தாங்கும். பிறகு புது சிஸ்டம் போடும்போது அதையே கொஞ்ச நாள் பயன்படுத்தலாம். கார்டுக்குப் பெரிய தொகை போடாதீர்கள்.

இந்த இடத்தில் சீன எக்ஸ்99 போர்டும் பழைய சர்வர் சியான் பிராசசரும் சேர்ந்த கிட்டுகள் ஆசை காட்டும். 12 கோர், 24 த்ரெட் என்று கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் அவை 2014 வாக்கில் சர்வருக்காக வந்த சில்லுகள், ஒரு கோரின் வேகம் குறைவு. கேமிங்கில் 4 கோர் மட்டும் உள்ள ஐ3-12100எஃப் அவற்றைத் தாண்டிவிடும். வீடியோ ரெண்டர் செய்பவர் வேண்டுமானால் யோசிக்கலாம். கேமுக்கு வேண்டாம்.

ரைசன் 5 1600 அல்லது 2600, பி450 போர்டு. எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட்டின் பெருமையே இதுதான். 2017-இல் வந்த போர்டு வரிசையில்கூட, பயாஸ் அப்டேட் செய்தால் 5000 வரிசை பிராசசர் ஏறும். போர்டு, ரேம் எல்லாம் அப்படியே இருக்க, பிராசசர் ஒன்றை மட்டும் மாற்றி இரண்டு தலைமுறை தாண்டலாம். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக் கிடக்கும் நேரத்தில், டிடிஆர்5 கட்டாயம் கேட்கும் ஏஎம்5-க்குத் தாவுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பெயரில் கவனம் தேவை. 5600-உம் 5500-உம் 5600ஜி-யும் ஒன்றல்ல. 5600-இல் 32 எம்.பி. எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் அதிவேக மெமரி). 5500, 5600ஜி இரண்டிலும் 16 எம்.பி. மட்டுமே, கார்டை இணைக்கும் பாதையான பிசிஐஇ-யும் 3.0தான். தனி கார்டு வைத்திருப்பவர் 5600ஜி வாங்குவது தேவையில்லாத கிராபிக்ஸுக்குப் பணம் கொடுத்து கேஷை இழப்பது. 5600-உடன் பெட்டியில் கூலர் வரும். 8 கோர் உள்ள 5700எக்ஸ்-உடன் வராது, அந்தச் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 96 எம்.பி. கேஷ் உள்ள 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் கேமிங்கில் ஏஎம்4-இன் உச்சம், ஆனால் இப்போது புதிதாகக் கிடைப்பது அரிது. பழையது கிடைத்தால், ஓட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

பயாஸ் அப்டேட்டை எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது?

பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே செய்ய வேண்டும். புதியதை மாட்டிவிட்டு அப்டேட் செய்யலாம் என்று போனால் திரையே வராது. போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டின் மாடலையும், போர்டின் மேல் அச்சடித்திருக்கும் ரிவிஷன் எண்ணையும் சரிபாருங்கள். பிராசசர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேவையான குறைந்தபட்ச பயாஸ் பதிப்பு இருக்கும். கோப்பை இறக்கி, எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் அப்டேட் வசதி வழியாகவே ஏற்றுங்கள். விண்டோஸில் இருந்து ஏற்றும் முறையைத் தவிருங்கள்.

அப்டேட் பாதியில் கரண்ட் போனால், பென்டிரைவிலிருந்து நேரடியாக மறுபடி ஏற்றும் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் இல்லாத போர்டு பெரும்பாலும் சர்வீஸுக்குத்தான் போகும். அதனால் யு.பி.எஸ். இல்லாமல் செய்யாதீர்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் துணைமின் நிலையத்துக்கு எந்த நாள் என்று முந்தைய நாள் பேப்பரிலேயே வரும். அந்த நாளைத் தவிருங்கள். காற்று மழை நேரமும் வேண்டாம்.

அப்டேட்டுக்கும் பிராசசர் மாற்றத்துக்கும் முன்னால் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அதன் மீட்புக் குறியீட்டைத் தாளில் எழுதி வையுங்கள், அல்லது பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள். ஏஎம்டி சிஸ்டத்தில் பிராசசரை மாற்றியதும் எஃப்டிபிஎம்-ஐ (அந்தப் பூட்டின் சாவி இருக்கும் பாதுகாப்புப் பகுதி) அழிக்கவா என்று திரை கேட்கும். குறியீடு கையில் இல்லாமல் "ஒய்" அழுத்தினால் டிஸ்கில் உள்ளது பூட்டிக்கொள்ளும். இதற்கு எந்தக் கடைக்காரராலும் உதவ முடியாது.

பழைய பிராசசரைக் கழற்றும்போது கூலரோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வருமாமே?

ஏஎம்4-இல் வரும். பின்கள் பிராசசரில் இருக்கின்றன, பேஸ்ட் காய்ந்து கூலரோடு ஒட்டியிருக்கும். நேராக மேலே இழுத்தால் லீவர் பூட்டியிருக்கும்போதே பிராசசர் பிடுங்கிக்கொண்டு வந்து பின் வளையும். கழற்றுவதற்கு முன் ஏதாவது கேமை 10 நிமிடம் ஓட்டி சூடாக்குங்கள். பிறகு ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரின் பூட்டை எடுத்துவிட்டு, இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். ஒட்டு விட்ட பிறகுதான் தூக்க வேண்டும்.

புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, நடுவில். பழையதை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பஞ்சு இழை விடாத துணியும் கொண்டு துடையுங்கள். இன்டெல்லிலும் ஏஎம்5-இலும் பின்கள் போர்டில் இருப்பதால் இந்த ஒட்டுப் பயம் இல்லை. ஆனால் சாக்கெட்டின் மேல் விரலோ திருப்புளியோ பட்டால் போர்டே போகும். பழைய போர்டைக் கடையில் கொடுத்தாலும் சாக்கெட் மூடி போட்டுத்தான் கொடுங்கள். வளைந்த பின்னுக்கு வாரன்டி கிடையாது.

இன்டெல் போர்டில் எது எதற்கு ஏறும்?

6, 7-ஆம் தலைமுறைக்கு 100, 200 வரிசை போர்டுகள். 8, 9-க்கு 300 வரிசை. இரண்டும் எல்ஜிஏ 1151 என்றே பெயர் பெற்றவை, உள்ளே உட்காரவும் செய்யும், ஆனால் மாற்றிப் போட்டால் இயங்காது. "எச்110 போர்டில் ஐ5-9400எஃப் போடலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 10, 11-க்கு எல்ஜிஏ 1200. அதிலும் எச்410, பி460 போர்டுகள் பெரும்பாலும் 11-ஐ ஏற்காது. 12, 13, 14 மூன்றுக்கும் எல்ஜிஏ 1700, 600 மற்றும் 700 வரிசை போர்டுகள். இவற்றில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. பெரும்பாலும் ஒரே போர்டில் இரண்டும் ஏறாது என்பதால், கையில் இருக்கும் ரேமைப் பார்த்துப் போர்டு எடுங்கள்.

பழைய டிடிஆர்4 ரேம் வைத்திருப்பவருக்கு ஐ5-12400எஃப், பி660 அல்லது பி760-இன் டிடிஆர்4 போர்டு என்பது இன்றும் மரியாதையான தேர்வு. 13, 14-ஆம் தலைமுறையில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டாப் பிராசசர்களில், அதிக வோல்டேஜ் கேட்டு மெல்ல மெல்லப் பழுதாகும் சிக்கல் வெளிவந்தது. இன்டெல் 2024-இல் மைக்ரோகோட் (பிராசசரின் உள் மென்பொருள்) திருத்தங்கள் வெளியிட்டு, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் தலைமுறையில் பழையது வாங்குபவர் மிகவும் யோசிக்க வேண்டும். ஏற்கெனவே ஏற்பட்ட பழுதைத் திருத்தம் சரிசெய்யாது. புதியது வாங்குபவர் முதல் வேலையாகப் பயாஸை அப்டேட் செய்யட்டும். 12-ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

விலை குறைந்த எச்610 போர்டில் ஐ7 போட்டுவிடாதீர்கள். பிராசசருக்கு மின்சாரம் கொடுக்கும் வி.ஆர்.எம். பகுதியில் ஹீட்சிங்க் இல்லாத போர்டு மே மாதத்தில் கொதித்து, பிராசசரின் வேகத்தைத் தானே பிடித்து இழுக்கும்.

சரி, இப்போது கார்டு. எந்த பிராசசருக்கு எந்த கார்டு?

மானிட்டரிலிருந்து தொடங்குவோம். 1080, 60 அல்லது 75 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்துக்கொண்டு பெரிய கார்டு வாங்கினால், அது கொடுக்கும் எஃப்.பி.எஸ்.ஸில் பாதி திரைக்கே வராது. ஆர்எக்ஸ் 6600 அந்த மானிட்டருக்குத் தாராளம். 8 ஜி.பி., 132 வாட், ஒரே ஒரு 8 பின் இணைப்பு. ஐ3-12100எஃப், ரைசன் 5 3600 போன்றவை இதற்குப் போதும். 144 ஹெர்ட்ஸில் வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடுபவர் பணத்தைக் கார்டில் குறைத்து பிராசசரில் கூட்டுங்கள். அந்தக் கேம்களை பிராசசர்தான் ஓட்டுகிறது. சைபர்பங்க் போல கண்ணுக்கு விருந்தான கேம்கள் என்றால் கணக்கு நேர் எதிர்.

ரைசன் 5 5600 அல்லது ஐ5-12400எஃப் இருந்தால் ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ஆர்எக்ஸ் 7600, 9060 எக்ஸ்டி வரை தயங்காமல் போகலாம். இதில் எங்கள் தேர்வு 9060 எக்ஸ்டி-யின் 16 ஜி.பி. பதிப்பு. காரணம் இரண்டு. மெமரி நாலைந்து வருடம் தாங்கும். அடுத்தது பிசிஐஇ பாதை: 4060, 5060, 7600 எல்லாம் 8 லேன் (அந்தப் பாதையின் தடம்) கார்டுகள், 9060 எக்ஸ்டி 16 லேன். பி450 போன்ற 3.0 போர்டில் 8 லேன் கார்டு போட்டால், மெமரி நிரம்பாதவரை இழப்பு சிறிது, நிரம்பினால் வெட்டு பெரிது. ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-க்கு 4 லேன், 4 ஜி.பி. மட்டுமே. பழைய போர்டுக்கு அதை வாங்கவே கூடாது.

இன்டெல் ஆர்க் பி580 12 ஜி.பி.யோடு ஆசை காட்டும். ரீசைசபிள் பார் (பிராசசர் கார்டின் மெமரி முழுவதையும் ஒரே நேரத்தில் எட்ட உதவும் பயாஸ் அமைப்பு) இயங்கும் சிஸ்டத்தில், புதிய பிராசசரோடுதான் அது சரியாக ஓடும். பழைய பிராசசரோடு சேர்த்தால் அதன் டிரைவரே பிராசசரைத் தின்றுவிடும்.

இனி வரும் கேம்களையும் நினைக்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் உண்மைபோல் கணக்கிடும் முறை) வசதியுள்ள கார்டு கட்டாயம் என்றே வந்தன. அதனால் அந்த வசதி இல்லாத ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் இப்போது புதிதாகப் பணம் போட ஏற்றதல்ல.

என் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட் என்று எழுதியிருக்கிறது. போதும்தானே?

ஸ்டிக்கரில் பெரிதாக எழுதிய எண்ணைப் பார்க்காதீர்கள். கீழே உள்ள அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 18, வெறும் 216 வாட். பிராசசரும் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்.எம்.பி.எஸ்.கள் பலவற்றின் நிலை இதுதான். கையில் எடுத்தால் லேசாக இருக்கும், கார்டுக்கு 6 பின் வயரே இருக்காது.

உண்மையான 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று, 12 வோல்ட்டில் 36 ஆம்பியருக்கு மேல், கார்டுக்கென்றே 6+2 பின் வயர்: இவ்வளவும் இருந்தால் 5600-உம் ஆர்டிஎக்ஸ் 4060-உம் நிம்மதியாக ஓடும், ஏனென்றால் அந்த கார்டு 115 வாட் தான். 7600, 9060 எக்ஸ்டி என்றால் 550. 200 வாட்டைத் தாண்டும் கார்டுக்கு 650.

6 பின் இல்லாத எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கடையில் சாட்டா வயரிலிருந்து மாற்றித் தரும் அடாப்டர் விற்பார்கள். சாட்டா பவர் இணைப்பு 12 வோல்ட்டில் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் தாங்கும். 8 பின் இணைப்பு 150 வாட் வரை இழுக்கும். பிளாஸ்டிக் உருகுவதும் தீப்பிடிப்பதும் இப்படித்தான். தயவுசெய்து அந்த அடாப்டரை வாங்காதீர்கள். மாடுலர் எஸ்.எம்.பி.எஸ். மாற்றும்போது பழைய வயர்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றுவதும் ஆபத்து. பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி, மாடலுக்கு மாடல் வேறு. எஸ்எஸ்டி-யும் ஹார்டு டிஸ்கும் ஒரு நொடியில் போய்விடும்.

கரண்ட் போனதும் யு.பி.எஸ். இருந்தும் சிஸ்டம் அணைந்துவிடுகிறது. முன்பு அப்படி இல்லையே?

புது கார்டு வந்த பிறகுதான் இது தொடங்கும். வீட்டில் இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸின் உண்மையான திறன் பொதுவாக 360 வாட். கேம் ஓடும்போது சிஸ்டமும் மானிட்டரும் சேர்ந்து 300-ஐ நெருங்கினால், நாளான பேட்டரி கைவிட்டுவிடும். 1000 அல்லது 1100 வி.ஏ. எடுங்கள். அதையும் கேமைத் தொடர்ந்து ஆடுவதற்காக அல்ல, சேமித்துவிட்டு அணைப்பதற்காக என்று நினைத்து வாங்குங்கள்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. நல்ல எஸ்.எம்.பி.எஸ்.களில் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பி.எஃப்.சி. என்ற பகுதி உண்டு. மலிவான யு.பி.எஸ்.ஸும் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரும் தரும் கரண்டின் அலை வடிவம் சிலவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, மாறும் நொடியில் அணைந்துவிடும். சைன் வேவ் யு.பி.எஸ். அல்லது சைன் வேவ் இன்வெர்ட்டர் இதற்குத் தீர்வு. வீட்டு இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் யு.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது சாதாரண மோடில் இருந்தால் மாறும் நேரம் நீளும். முதலில் அதைப் பாருங்கள். புது யு.பி.எஸ். வந்த அன்றே ஒரு கேமை ஓடவிட்டு, சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துச் சோதியுங்கள். கடையில் திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று லேசாக ஷாக் அடிக்கிறது என்றால் எர்த் இல்லை. பழைய வீடுகளிலும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸை இரண்டு பின் பிளக்கில் சொருகிய இடங்களிலும் இது சகஜம். எலக்ட்ரீஷியனை வைத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். விலை உயர்ந்த கார்டைப் பொருத்துவதற்கு முன் இதைச் சரிசெய்வது கார்டைவிட முக்கியம், அந்த கேபினெட்டைத் தொடப்போவது உங்கள் வீட்டுப் பிள்ளைகள்.

கத்திரி வெயிலில் தாங்குமா? ஏசி இல்லாத மாடி அறை.

தாங்கும், கொஞ்சம் ஏற்பாடு வேண்டும். அறை வெப்பம் எவ்வளவு ஏறுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு கார்டும் ஏறும். மார்கழியில் 26 டிகிரி அறையில் 70 காட்டிய கார்டு, மொட்டை மாடிச் சூடு இறங்கும் 38 டிகிரி அறையில் 82-ஐத் தொடும். என்விடியா கார்டுகள் பல 83 வாக்கில் வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ஆகவே கார்டு வாங்கும்போதே ஒற்றை ஃபேன் மாடலைத் தவிர்த்து இரட்டை ஃபேன் எடுங்கள். முன்பக்கம் கண்ணாடி மூடிய கேபினெட் பார்க்க அழகு, காற்றுக்கு எமன். வலை முகப்பு, முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன், பின்னால் ஒன்று. இது போதும். லிக்விட் கூலர் 5600-க்கோ 12400எஃப்-க்கோ தேவையில்லை.

செலவில்லாத வழியும் உண்டு. ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பு) 80 சதவீதத்துக்கு இறக்குங்கள். எஃப்.பி.எஸ்.ஸில் சில சதவீதம்தான் குறையும், வெப்பம் நன்றாக இறங்கும். எஃப்.பி.எஸ். வரம்பை மானிட்டரின் ஹெர்ட்ஸுக்கே வைத்துவிடுங்கள். 75 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு 200 எஃப்.பி.எஸ். கொடுத்து அறையைச் சூடாக்குவதில் யாருக்கும் லாபமில்லை.

தூசி வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். ரோட்டோர வீடு, குவாரிப் பக்கம் என்றால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை. புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும். கேபினெட்டைத் தரையில் வைக்காமல் ஒரு அடி உயரத்தில் வையுங்கள். எறும்பும் பல்லியும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் போய் ஷார்ட் ஆவது நம் வீடுகளில் நடப்பதுதான். பயன்படுத்தாத பின் ஸ்லாட்டுகளின் தகட்டைக் கழற்றிப் போடாதீர்கள்.

ஆஃபீஸில் ஓடிய பழைய பிராண்டட் டெஸ்க்டாப் மலிவாகக் கிடைக்கிறது. கேமிங்குக்கு மாற்றலாமா?

மாற்றலாம், எல்லை தெரிந்தால். அவற்றின் எஸ்.எம்.பி.எஸ். பெரும்பாலும் 180 முதல் 260 வாட், போர்டு இணைப்பும் தனி வடிவம், கடையில் கிடைப்பது பொருந்தாது. சின்ன கேபினெட் உள்ளவற்றில் உயரம் குறைந்த லோ புரொஃபைல் கார்டுதான் நுழையும். 70 வாட்டில், தனி பவர் வயர் இல்லாமல் ஓடும் ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜி.பி. பதிப்பு இதற்கென்றே அமைந்தது போல. லோ புரொஃபைல் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். 8-ஆம் தலைமுறைக்குக் குறைந்த டெஸ்க்டாப்பை எடுக்காதீர்கள், விண்டோஸ் 11 அங்கிருந்துதான் தொடங்குகிறது. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓட டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளும் இயங்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பழைய கார்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது?

ஓடும் சிஸ்டத்தில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஜிபியு-இசட் என்ற சிறு மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோங்கள். பழைய சில்லின் பயாஸை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று காட்டும் போலி கார்டுகள் சந்தையில் உண்டு, ஜிபியு-இசட் பெயருக்கு முன்னால் போலி என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி 2048எஸ்பி என்ற மாடலை விற்பார்கள். அதன் உள்ளே இருப்பது 570-இன் அளவு கோர்தான். ஷேடர் எண்ணிக்கை 2304 இருந்தால் உண்மையான 580.

பிறகு கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் ஃபர்மார்க்கை 15 நிமிடம் ஓட்டுங்கள். திரையில் புள்ளி, கோடு, நிறச் சதுரம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கார்டு வெப்பத்துக்கும் ஹாட்ஸ்பாட் (சில்லின் மிகச் சூடான புள்ளி) வெப்பத்துக்கும் இடையே 25 டிகிரிக்கு மேல் வித்தியாசம் என்றால் பேஸ்ட் காய்ந்துவிட்டது. சரிசெய்யலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கார்டுகளை வைத்து எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் எடுக்கும் மைனிங் 2022 செப்டம்பரில் முடிந்தபோது வெளியே வந்த கார்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், ஃபேன் சத்தத்தையும் மெமரி வெப்பத்தையும் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு என்விடியா 2025 அக்டோபரோடு புதிய கேம்களுக்கான டிரைவர்களை நிறுத்திவிட்டது. அந்த விலைக்குத்தான் அவற்றை மதிக்க வேண்டும்.

மதுரையில் வாங்குவதா, சென்னை ரிச்சி தெருவா, ஆன்லைனா?

விலை வித்தியாசம் சிறிதானால் உள்ளூரே. முதல் வாரத்தில் பழுது தெரிந்தால் நேரில் கொண்டுபோய்க் காட்டலாம். ரிச்சி தெருவில் வாங்கிய கார்டு பழுதானால் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் பார்சல் போட்டு அனுப்பி, திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கே வாங்கினாலும் சீரியல் எண் எழுதிய ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். "பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன்" என்றால் மறுத்துவிடுங்கள், மூன்று வருட வாரன்டியை விற்றுவிட்டதற்குச் சமம். அந்த பிராண்டின் சர்வீஸ் மதுரையில் இருக்கிறதா, கடைக்காரரே அனுப்பி வாங்கித் தருவாரா என்று பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். ஆன்லைன் என்றால் பெட்டி திறப்பதை வெட்டு இல்லாமல் வீடியோ எடுங்கள், சீரியல் எண் தெரிய வேண்டும்.

கார்டு மாட்டினேன், திரை வரவில்லை. அல்லது வருகிறது, வேகம் இல்லை.

மானிட்டர் வயர் இன்னும் போர்டில் சொருகியிருக்கிறதா பாருங்கள், கார்டில் சொருக வேண்டும். எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசரில் போர்டின் இணைப்பிலிருந்து படம் வரவே வராது. 8 பின் வயர் கிளிக் என்று உட்கார்ந்ததா? கார்டு ஸ்லாட்டின் பூட்டு மூடியதா? கேபினெட் தகடு தடுத்துக் கார்டு ஒரு பக்கம் தூக்கி நிற்பது அடிக்கடி நடக்கும். ஒரே ஒரு ரேமோடு முயன்று பாருங்கள். பயாஸ் பேட்டரியை 5 நிமிடம் கழற்றி மாட்டுங்கள். பழைய போர்டில் சிஎஸ்எம் என்ற பழைய பூட் அமைப்பும், எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்கும் தொல்லை தரலாம்.

வேகம் இல்லை என்றால் டிடியு மென்பொருளை சேஃப் மோடில் ஓட்டிப் பழைய டிரைவரைத் துடைத்துவிட்டுப் புதியதை ஏற்றுங்கள். என்விடியாவிலிருந்து ஏஎம்டி-க்கு மாறியவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். கார்டு முதல் ஸ்லாட்டில் இருக்கிறதா, ஜிபியு-இசட்டில் லேன் எண்ணிக்கை சரியா, டிஸ்ப்ளே அமைப்பில் 144 ஹெர்ட்ஸ் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். புது மானிட்டரை மாதக்கணக்கில் 60-லேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

எமுலேட்டரில் (மொபைல் கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் மட்டும்தான். என்ன வேண்டும்?

4 கோர் 8 த்ரெட் பிராசசர், 16 ஜி.பி. ரேம், 4 ஜி.பி. கார்டு போதும். வாங்குவதற்கு முன் பயாஸில் விர்ச்சுவலைசேஷன் இயங்குகிறதா பாருங்கள். இன்டெல்லில் விடி-எக்ஸ், ஏஎம்டி-யில் எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும். அது அணைந்திருந்தால் எந்த சிஸ்டத்திலும் எமுலேட்டர் தவழும்.

லேப்டாப்பில் கார்டு மாற்றலாமா?

முடியாது. பெரும்பாலும் போர்டோடு பற்றவைத்தே வரும். ரேம், எஸ்எஸ்டி இரண்டை மட்டும் கூட்டலாம், அதிலும் ரேமைப் பற்றவைத்த மாடலா என்று பார்த்துவிட்டு.